வெள்ள வரைபடம் யார் கையில்?

(புனேயில் பணிபுரியும் தமிழ்த் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1961 ஜூலை 12, புதன்கிழமை. புனே நகருக்குத் தென்மேற்கே ஆம்பி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த பான்ஷெட் மண்ணணை அன்று காலையில் உடைந்தது. தேங்கியிருந்த நீர் முழுவதும் கீழே இருந்த கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் வந்து விழுந்தது. கடக்வாஸ்லா 1879இல் கட்டி முடிக்கப்பட்ட கற்கட்டு அணை. விசுவேசுவரய்யா தாம் வடிவமைத்த தானியங்கி மதகுகளை 1903இல் முதன்முதலாகப் பொருத்திப் பார்த்த இடமும் அதுவே. அந்தப் பழைய அணை சில மணி நேரம் தாக்குப்பிடித்தது. பகலில் அதுவும் பிளந்தது. முடா ஆற்றின் கரையிலிருந்த பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. லக்டி புல் உள்ளிட்ட பாலங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் நகரத்துக்குக் குடிக்க நீர் இல்லை. குடிநீர் தந்துகொண்டிருந்த நீர்த்தேக்கமே போய்விட்டது. சுமார் ஆயிரம் பேர் மாண்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. சரியான எண்ணிக்கை எது என்ற சர்ச்சை அறுபதாண்டு கடந்தும் ஓயவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு முறையான பதிவேடு எதுவும் இல்லாத காலம் அது.

பான்ஷெட் அணை அப்போது முழுமை பெற்றிருக்கவில்லை. பணிகள் 1962இல் முடிவதாகத் திட்டம். ஆயினும் 1961 பருவமழையிலேயே நீரைத் தேக்குவது என்று முடிவெடுக்கப்பட்டது. அணையின் அடியில் நீரை வெளியேற்றும் குகைவழியில் மதகுக் கதவுகளை இயக்கும் ஏற்பாடு நிறைவடையவில்லை. உபரிநீர் வெளியேறும் கலிங்கு வாய்க்காலும் அரைகுறையாகவே இருந்தது. கனமழையில் நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைந்து உயர்ந்தது. பாதி திறந்த கதவின் கீழ் சீறிப் பாய்ந்த நீர் குகைவழியை உலுக்கியது. அதன் மேலிருந்த மண் சரிந்து இறங்கியது. அணையின் உச்சி சில மணி நேரத்தில் பல அடி தாழ்ந்தது. நீர் மேலேறி வழிந்தது. இராணுவ வீரர்கள் இரவு முழுவதும் மணல்மூட்டைகளை அடுக்கிக் கரையை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். உடைப்பு நள்ளிரவில் நிகழாமல் விடிந்தபின் நிகழ்ந்ததற்கு அவர்களின் உழைப்பே காரணம் என்று புனேயின் முதியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

அணை உடைந்ததற்கும் நகரின் மேற்பகுதி மூழ்கியதற்கும் இடையே சில மணி நேரம் இருந்தது. ஆற்றுவழியில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரம். எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் ஏறும், எத்தனை மணிக்கு ஏறும், எந்தப் பாலம் முதலில் துண்டிக்கப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட்ட தாள் ஒன்று நகராட்சியிடமும் காவல்துறையிடமும் இருந்திருந்தால், அந்தச் சில மணி நேரத்தில் ஒரு நகரத்தின் கரையோரத்தையே காலிசெய்திருக்கலாம். அத்தகைய தாள் எதுவும் இல்லை. இன்று அந்தத் தாளின் பெயர் வெள்ளப் பரவல் வரைபடம். அதைத் தயாரிக்கும் வேலைதான் அணை உடைப்புக் கணிப்பு. அதற்குப் பொறியாளர்களை அமர்த்துவது யார், யாருக்காக, எந்த நிபந்தனையில் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்தக் கணிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நிபுணர்களின் மொழிக்கு அஞ்சி ஒதுங்கும் இயக்கம் நிபுணர்கள் சொல்வதையெல்லாம் நம்பியே தீரவேண்டியிருக்கும்.

ஆற்றில் நீர் எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாடுகளை 1871இல் பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் வகுத்தார். 1892இல் ரிட்டர் என்ற ஜெர்மானியர் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஓர் அணை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிட்டால் என்ன ஆகும்? உராய்வே இல்லாத, வறண்ட, சமதளமான படுகை என்று வைத்துக்கொண்டு அவர் விடை கண்டார். 50 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கியிருந்தால் அலையின் முகப்பு வினாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் பாயும். அணை இருந்த இடத்தில் நீரின் ஆழம் 22 மீட்டராக நிற்கும். மணிக்கு 160 கிலோமீட்டர்! மெய்யான ஆறு அப்படி இல்லை. பாறை, மரம், வளைவு, பாலம், வீடு என ஒவ்வொன்றும் அலையைத் தடுக்கும், தணிக்கும், திசைதிருப்பும். அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்ப்பதுதான் கணினி செய்யும் வேலை.

அந்தக் கணக்கில் பொறியாளரின் தீர்ப்புக்கு விடப்பட்ட இடங்கள் ஏராளம். உடைப்பு எவ்வளவு அகலமாகும், எவ்வளவு நேரத்தில் விரியும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மண்ணணையில் ஒரு சிறு கசிவு குழாயாகி, குழாய் பள்ளமாகி, பள்ளம் அகன்று முழு உடைப்பாக அரை மணி நேரமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். கான்கிரீட் வளைவணை நொடிகளில் நொறுங்கக்கூடும். 1959 டிசம்பர் 2 இரவு பிரான்சில் மால்பாசே வளைவணை அப்படித்தான் நொறுங்கி 423 உயிர்களைக் கொண்டுபோனது. பள்ளத்தாக்கில் இருந்த மின்மாற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்த நேரங்களே அந்த அலை எப்போது எங்கே வந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றன. இன்றும் உலகெங்கும் புதிய கணினி மென்பொருள்களை அந்த நேரங்களோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

எனவே நேர்மையான அறிக்கை ஒரே ஒரு கோட்டை வரைந்துவிட்டு ஒதுங்காது. வெயில் நாளில் உடைந்தால், பெருமழையில் உடைந்தால், வேகமாக உடைந்தால், மெதுவாக உடைந்தால் எனப் பல நிலைகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைத் தரும் அறிக்கையை ஐயத்தோடு பார்ப்பதே சரி.

புனேக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. கடக்வாஸ்லா அணையில் இன்று தேங்கும் நீர் 2 டிஎம்சிக்கும் குறைவு. அதற்கு மேலே மறுபடி கட்டப்பட்ட பான்ஷெட் அணையில் 10.65 டிஎம்சி, வரஸ்காவ் அணையில் 12.82, டேம்கர் அணையில் 3.71. மூன்றின் நீரும் கடக்வாஸ்லா வழியாகத்தான் நகரத்துக்கு வரும். மேலே 27 டிஎம்சி, கீழே 2. மேலே ஓர் அணை போனால் கீழுள்ள அணை அந்த வெள்ளத்தைத் தாங்காது என்பதை 1961 காட்டிவிட்டது. ஆகவே ஒவ்வோர் அணைக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி அறிக்கை என்று பிரித்துக் கொடுத்தால் நான்கு தடித்த புத்தகங்கள் கிடைக்கும். புனேக்கு வேண்டிய விடை கிடைக்காது. சங்கிலியை முழுவதுமாக ஒரே கணக்கில் வைக்க வேண்டும்.

டேம்கர் அணையின் கதையும் இங்கே நினைவுகூரத் தக்கது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கிய அந்த அணையின் முகப்பிலிருந்து நீர் பீறிட்டு வழிந்த காட்சி 2016இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒப்பந்ததாரர்கள் மீதும் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவாயிற்று. பின்னர் பெரும் செலவில் கசிவு அடைக்கப்பட்டது. நூற்றாண்டு கண்ட அணைகள் உறுதியாய் நிற்கும் நாட்டில் இருபதாண்டுகூட நிறையாத அணை ஒழுகியது எப்படி? விடை நீரியலில் இல்லை. ஒப்பந்த முறையில் இருக்கிறது.

2019 ஜூலை 2 இரவு ரத்னகிரி மாவட்டம் சிப்லூண் வட்டத்தில் திவரே அணை உடைந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணையில் கசிவு இருப்பதாகக் கிராம மக்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள். மகாராஷ்டிர அமைச்சர் ஒருவர் நண்டுகள் துளையிட்டதால் அணை உடைந்ததாக விளக்கம் தந்தார். நண்டுகளுக்குச் சங்கம் இல்லை. மறுப்பு அறிக்கை வெளியிட முடியவில்லை.

தமிழகத்து ஏரிகளில் நீர்க்கட்டி என்றொரு வேலை இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அந்த உழைப்பாளிதான் மழை இரவில் அரிக்கேன் விளக்கோடு கரைமீது நடந்து, எங்கே மண் ஈரம் காட்டுகிறது, எங்கே நீர் கலங்கலாகக் கசிகிறது என்று பார்ப்பார். தெளிந்த கசிவு அச்சமில்லை, கலங்கிய கசிவு கரையின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்பது அவருக்குத் தெரியும். இன்றைய அணைப் பாதுகாப்பு நூல்கள் அதையேதான் வேறு சொற்களில் சொல்கின்றன. திவரேயில் கிராமத்தார் கண்டு சொன்னதும் அதுவே. கேட்கும் கடமையுள்ள காதுகள் மட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அம்மாத இறுதியிலேயே நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவும் இதன்கீழ் வருகின்றன. நாட்டில் இத்தகைய அணைகள் ஆறாயிரத்துக்கும் மேல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை மகாராஷ்டிரத்தில் மட்டும் உள்ளன. எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட அணைகள் நூறாண்டு கடந்தவை. ஏற்கெனவே இயங்கிவரும் ஒவ்வோர் அணைக்கும் ஐந்தாண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். உடைந்தால் எந்தப் பகுதி மூழ்கும், எத்தனை மக்கள் பாதிக்கப்படுவர், எச்சரிக்கை எப்படிச் செல்லும் என்பன அதில் இருக்க வேண்டும். கெடு 2026 டிசம்பர் இறுதியில் முடிகிறது.

இந்தச் சட்டத்தை மாநில உரிமைகளின் பெயரால் பலர் எதிர்த்தனர். தமிழக சட்டமன்றம் 2018 ஜூனிலேயே அதன் முன்வடிவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஒன்றிய அரசின் ஆணையம் மாநில அணைகள்மீது அமர்ந்து ஆணையிடுவது கூட்டாட்சிக்கு உகந்ததன்று என்ற வாதம் இன்றும் வலுவானது. ஆனால் அந்த வாதத்தைக் காட்டி வரைபடம் தயாரிக்கும் கடமையிலிருந்து எந்த மாநில அரசும் நழுவ முடியாது. உரிமை யாருடையதோ பொறுப்பும் அவர்களுடையதே. சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை வேறொன்று. அணை உடைந்து வீடும் உயிரும் இழந்தவர்களுக்கு இழப்பீடு தருவது பற்றி அதில் ஒரு விதியும் இல்லை. சட்டத்தை மீறும் அலுவலர்க்குச் சிறைத்தண்டனை உண்டு. வீடிழந்த தொழிலாளிக்கு ஒரு செங்கல்லுக்கும் உறுதி இல்லை.

கெடு நெருங்க நெருங்க என்ன நடக்கும் என்பதை அரசுத் துறைகளின் போக்கை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். ஆயிரக்கணக்கான அறிக்கைகள் அவசரமாக வேண்டும். துறைகளில் பொறியாளர் பணியிடங்கள் காலி. உலக வங்கிக் கடனில் நடக்கும் அணைப் புனரமைப்புத் திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு மட்டும் 736 அணைகள், 10,211 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு 2020இல் ஒப்புதல் அளித்தது. பணம் இருக்கிறது, ஆள் இல்லை. எனவே டெண்டர் விடப்படும்; மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஆலோசனை நிறுவனத்துக்கு வேலை போகும். அந்நிறுவனம் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்த இளம் பொறியாளர் ஒருவர், அணையை நேரில் காணாமலே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவைக்கொண்டு, மாதத்துக்கு இத்தனை அணை என்ற இலக்கோடு கணினிமுன் அமர்வார். அந்தத் தரவில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கலாம். மரத்தின் உச்சியையும் மாடியின் கூரையையும் அது தரையென்றே எண்ணிக்கொள்ளும். சில மீட்டர் பிழை என்பது மலைப் பள்ளத்தாக்கில் பொருட்டன்று. புனேயின் ஆற்றோரச் சமதளத்தில் ஒரு குடியிருப்பு முழுவதும் மூழ்குமா தப்புமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

பிழை அந்த இளைஞருடையதன்று. அவரும் சுரண்டப்படும் தொழிலாளியே. தான் வரையும் கோட்டுக்குள் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்கப் பயணப்படி தராத ஒப்பந்தம்தான் குற்றவாளி.

இதற்கு மாற்று இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்கப் புனேயைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் கிடையாது. 1961இல் பிளந்த அதே கடக்வாஸ்லா அணையின் அருகேதான் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1916இல் பம்பாய் மாகாணத்தின் சிறு பாசனப் பிரிவாகத் தொடங்கி, 1936இல் இந்திய அரசின்கீழ் வந்த பொதுத்துறை நிறுவனம். நாட்டின் பெரிய அணைகள், துறைமுகங்கள், தடுப்பணைகள் பலவற்றின் சிறுவடிவங்களைக் கட்டி நீரோட்டிப் பார்த்த பட்டறை அது. மத்திய நீர் ஆணையத்தின் பயிற்சி நிறுவனமான தேசிய நீர்க் கழகமும் கடக்வாஸ்லாவிலேயே உள்ளது. மகாராஷ்டிர அரசுக்கு நாசிக்கில் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அணைப் பாதுகாப்பு அமைப்பும் உண்டு. கணிப்புக்கான மென்பொருளுக்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ஹெக்-ராஸ் மென்பொருளை யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

ஆக, அறிவு பொதுத்துறையில் இருக்கிறது, கருவி இலவசம், பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பும் விருப்பம் மட்டுமே இல்லை. ஓர் அணை நூறாண்டு நிற்கும். அதன் கீழே ஆண்டுதோறும் புதிய சாலையும் சுவரும் குடியிருப்பும் முளைக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கைத் திருத்த வேண்டும். மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்து போகும் ஆலோசகரால் அது முடியாது. அதே அலுவலகத்தில் இருபதாண்டு உட்கார்ந்து அந்த ஆற்றை அறிந்த பொறியாளரால்தான் முடியும். துறைப் பொறியாளர்களின் சங்கங்களோடு கட்சி இதைப் பேச வேண்டும். ஆலோசனை நிறுவனங்களை அமர்த்தியே ஆகவேண்டிய இடங்களில், கணினி மாதிரியின் கோப்புகளும் மூலத்தரவும் அரசுக்கே சொந்தம், வேறொரு பொது நிறுவனம் அதைச் சரிபார்க்கும், கள ஆய்வு கட்டாயம் என்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

வரைபடம் இருந்தால் மட்டும் போதுமா? 2019 ஜனவரி 25, பிரேசில் நாட்டின் புருமாடினோ. வாலே என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தின் இரும்புத்தாதுக் கழிவுச்சேற்றைத் தேக்கிய அணை நண்பகல் வேளையில் உடைந்தது. 270 பேர் புதைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுரங்கத்தின் தொழிலாளர்கள். அந்த அணைக்கு உடைப்புக் கணிப்பு செய்யப்பட்டிருந்தது. சேறு எந்தப் பக்கம் பாயும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். தொழிலாளர் உணவுக்கூடமும் நிர்வாக அலுவலகமும் அந்தப் பாதையில்தான் இருந்தன. தெரிந்தும் அவை இடம் மாற்றப்படவில்லை. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. அணை நிலையானது என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன் சான்றளித்தது ஒரு ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தின் கிளை. அந்தச் சான்றுக்குக் கூலி கொடுத்தது வாலே. அலை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும் என்று கணித்த தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் மதியச் சோறு போட்டார்கள்.

அணையின் உரிமையாளர் கூலி கொடுத்து அமர்த்தும் பொறியாளர் அதே அணையைப் பற்றி உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு எங்கும் இடறும். இந்தியாவில் உரிமையாளர் பெரும்பாலும் அரசே என்பதால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. மாண்டவர்கள் சில ஆயிரம் என்பார்கள், அதைவிடப் பல மடங்கு என்பார்களும் உண்டு. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அது தன் பணியை முடிப்பதற்குள் மாநில அரசே அதைக் கலைத்தது. தன் பொறியாளர்களின் கணக்கைத் தானே விசாரிக்கும் அரசிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். கட்சிக்குள்ளேயே இதில் தெளிவு குறைவு.

புனேயில் ஆற்றோரம் இரண்டு கோடுகள் உண்டு. இருபத்தைந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் எல்லை நீலக்கோடு. நூறாண்டு வெள்ளத்தின் எல்லை சிவப்புக்கோடு. நீலக்கோட்டுக்குள் கட்டடம் கூடாது, இரண்டுக்கும் இடையே கட்டுப்பாடு உண்டு என்பது விதி. இந்தக் கோடுகள் வழக்கமான வெள்ளத்துக்கானவை. அணை உடைப்பு வெள்ளத்தின் கோடு இவற்றுக்கு வெகுதூரம் அப்பால் ஓடும். கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு சதுர அடியின் விலை மாறுகிறது. ஆகவே கோட்டை நகர்த்துவதில் ஆர்வமுள்ளவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஆற்றுப்படுகையில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. ஆற்றங்கரை மேம்பாடு என்ற பெயரில் கரைகளை உயர்த்திச் சுவர் எழுப்பும் திட்டம் நடக்கிறது. ஆறு குறுகுகிறது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வழக்காடியிருக்கிறார்கள். அங்கெல்லாம் கோடு வளைந்து கொடுக்கிறது. குடிசைப் பகுதிக்கு வரும்போது மட்டும் அதே கோடு இரும்பாகிவிடுகிறது.

சென்னையில் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டு நகரம் மூழ்கியபின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆக்கிரமிப்பு என்ற பெயரில் அகற்றப்பட்டவர்கள் கரையோர ஏழைகள். அவர்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டார்கள்; வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றன. அதே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் தொடவில்லை.

இந்த அனுபவத்தால், வெள்ள வரைபடம் என்றாலே புல்டோசர் என்று மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. குடிசைவாசிகளுக்காகப் போராடும் தோழர்களில் சிலர், வரைபடம் வெளிவராமலிருப்பதே நல்லது என்றுகூட எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியது, ஆனால் தவறானது. வரைபடம் மறைக்கப்பட்டால் அது மறைவது கரையோர மக்களிடமிருந்து மட்டுமே. நிலம் வாங்குபவரும் கட்டுநரும் அதை எப்படியாவது பார்த்துவிடுவார்கள். கோரிக்கை இதுவாக இருக்க வேண்டும்: கோடு எல்லோருக்கும் ஒன்றே, குடிசைக்குப் பொருந்தும் விதி வணிக வளாகத்துக்கும் பொருந்த வேண்டும், இடம்பெயர்ந்தே ஆகவேண்டியவர்களுக்கு வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, அதுவரை அங்கேயே வாழ்பவர்களுக்கு எச்சரிக்கையும் ஏறிநிற்க மேடான இடமும். 1961இல் வீடிழந்தவர்கள் குடியேற்றப்பட்ட புனேயின் குடியிருப்புகளில் நிலத்தின் உரிமைப் பட்டாவுக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

மக்களுக்குச் சொல்லாததன் விலையைப் புனே அண்மையிலும் கண்டது. 2024 ஜூலை 25 அதிகாலையில் கடக்வாஸ்லாவிலிருந்து நீர்வெளியேற்றம் 35,000 கனஅடிக்கு மேல் உயர்த்தப்பட்டது. சிம்மகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரி உள்ளிட்ட பகுதிகளில் மக்கள் உறக்கத்தில் இருந்தபோதே நீர் புகுந்தது. உரிய எச்சரிக்கை இல்லை என்பது அவர்களின் புகார். அங்கே எந்த அணையும் உடையவில்லை. மதகு திறக்கப்படுவதையே உரியவர்களுக்குச் சொல்லிச் சேர்க்க முடியாத நிர்வாகம், அணை உடையும் நேரத்தில் என்ன செய்யும்?

கேரளத் தோழர்களோடும் தமிழகத் தோழர்களோடும் ஒரே அமைப்பில் இருக்கும் கட்சி முல்லைப்பெரியாற்றைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1895இல் முடிந்த அணை. அதன் நீரை நம்பித் தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் விவசாயம் இருக்கிறது. அதன் கீழே இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன; அந்தத் தொழிலாளர்களில் கணிசமானோர் தமிழர்கள். அணை பாதுகாப்பானது என்று நிபுணர் குழு ஆராய்ந்து சொல்ல, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. அதன்பின் உடைப்புக் கணிப்பு என்ற சொல்லே இரு மாநிலங்களிலும் ஆயுதமாயிற்று. கணிப்பு செய்தால் அணை ஆபத்தானது என்று ஒப்புக்கொண்டதாகும் என்று இங்கே அஞ்சுகிறார்கள். கணிப்பில் வரும் எண்களையே ஆபத்துக்குச் சான்றாக அங்கே சில தொலைக்காட்சிகள் ஒளிபரப்புகின்றன.

இரண்டும் பிழை. வெள்ளப் பரவல் வரைபடம், அணை உடையும் என்று சொல்வதில்லை. உடைந்தது என்று வைத்துக்கொண்டு, அடுத்து என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்கிறது. உடையும் வாய்ப்பு எவ்வளவு என்பது முற்றிலும் வேறு கேள்வி, வேறு ஆய்வு. சட்டப்படி மேட்டூருக்கும் வரைபடம் வேண்டும், வைகைக்கும் வேண்டும், நேற்றுக் கட்டிய அணைக்கும் வேண்டும். வரைபடம் போட்டதால் மேட்டூர் பலவீனமாகிவிடாது. தமிழக விவசாயியின் நீருரிமையை விட்டுக்கொடுக்காமலே வண்டிப்பெரியாற்றுத் தொழிலாளியின் வீட்டருகே ஒரு சங்கு வேண்டும் என்று தமிழகக் கட்சி கேட்கலாம், கேட்பதே முறை. இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து ஒரே தரவை வைத்துச் செய்த கணக்காக அது இருந்தால், வெறுப்பை விற்றுப் பிழைப்பவர்களுக்குச் சரக்கு குறையும்.

தோழர்கள் தங்கள் பகுதியில் செய்யக் கூடியவை எளியவை. மாவட்ட நிர்வாகத்திடம் போய், தங்கள் ஊருக்கு மேலுள்ள அணைகளின் அவசரகாலச் செயல்திட்டம் தயாராகிவிட்டதா என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, நலிந்த நிலையில். வெளியிடப்பட்ட திட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தடித்த புத்தகங்களாக உள்ளன. புனேயில் மராத்தியிலும் இந்தியிலும், தமிழர் வாழும் பகுதிகளில் தமிழிலும் ஒரே பக்கச் சுருக்கம் கேட்க வேண்டும்: நீர் எத்தனை நிமிடத்தில் வரும், எந்தத் தெருவழியாக எங்கே ஓடுவது. இரவுப் பணியிலிருக்கும் காவலாளிகள், கட்டுமான முகாம்களில் தகரக் கொட்டகையில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், ஆற்றோரச் செங்கல் சூளைக் குடும்பங்கள் ஆகியோர் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறாதவர்கள். பாதிக்கப்படுவோர் பட்டியலிலும் இடம்பெறமாட்டார்கள். அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பது தொழிற்சங்கத் தோழர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலைச் சங்கமே தயாரித்து, வரைபடம் போடும் பொறியாளரின் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். ஒத்திகை நடத்தச் சொல்லிக் கேட்கலாம். நடந்தால் அன்று அரைநாள் கூலி இழப்பவர்களுக்கு அதை ஈடுசெய்யவும் கேட்க வேண்டும், இல்லையேல் ஒத்திகைக்கு அலுவலர்கள் மட்டுமே வருவார்கள்.

புனே மாவட்டக் கிளைகள் இந்தப் பட்டியல் வேலையை ஏக்தா நகரியிலிருந்து தொடங்கலாம். அங்கே மக்களுக்கு எதையும் விளக்கத் தேவையில்லை. நீர் எந்தப் படிவரை ஏறியது என்று அவர்களே சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.